பையின் அளவறிந்து பொறுக்குதல்



மலைநாட்டுப் பாடசாலையொன்றின் அதிபர் வானொலியிற் பேச வந்தால், பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ விளையாட்டு. அதிலும் நம் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஆடும் வேடமேற்பு விளையாட்டு. புதிதாக அதனை ஆடத் தொடங்கும் ஒருவன், தன் பையை எவ்வாறு ஆளவேண்டும், வழியிற் கிடைக்கும் கொள்ளைப் பொருள்களில் எதைக் கொள்ளவேண்டும், எதைத் தள்ளவேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி தொலைபேசி வழியாக வரத்தொடங்கிற்று. அதுவரை தொலைபேசியைத் தொடாத லயத்துப் பிள்ளைகள், அலை கிடைக்கும் இடம் தேடி மேடுகளில் ஏறினர். பாடம் வந்த வழியிலேயே விளையாட்டும் வந்தது. பாடசாலைகள் மீண்டும் திறந்தன. விளையாட்டோ லயத்தை விட்டுப் போகவில்லை. அதனை முற்றாக விலக்குவோம் என்பது பேச்சளவில் எளிது. பிள்ளை எதனுள் இறங்கியிருக்கிறான் என்று அறியாத பெற்றோர், அவனுக்கு நல்வழி காட்டுதல் எங்ஙனம் கூடும்?

இவ்வகை விளையாட்டின் வரலாறு சுருக்கமானது. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டை வெளியிட்டனர். அதிலேயே ஒருவன் சுமக்கும் பொருளுக்கு எல்லை உண்டு. அச்சுமை பொற்காசுகளின் நிறையால் அளக்கப்பட்டது. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோவும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் பார்ட்டிலும், பலர் ஒருங்கே கணினியில் ஆடக்கூடிய எழுத்துலகம் ஒன்றை உருவாக்கினர். 1997-இல் அல்ட்டிமா ஒன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், 2001-இல் ரூன்ஸ்கேப், 2004-இல் வேர்ல்ட் ஒஃப் வார்க்ராஃப்ட் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ரூன்ஸ்கேப்பின் பழைய வடிவம் 2013-இல் மீண்டும் திறக்கப்பட்டு, 2018-இல் கைத்தொலைபேசிக்கும் வந்தது. கட்டணமின்றியும் ஆடலாம் என்பதால், அதனையே இன்று உதாரணமாகக் கொள்கிறேன்.

அவ்வுலகிற் புகுபவனுக்கு ஒரு பை தரப்படுகிறது. அதில் இருபத்தெட்டு அறைகள். இருபத்தொன்பதாவது இல்லை. செல்வனுக்கும் வறியவனுக்கும் அதே இருபத்தெட்டுத்தான். அம்பும் காசும் போன்ற சில பொருள்கள் ஆயிரம் இருந்தாலும் ஓர் அறையிலே அடுக்கிக்கொள்ளும். வாளும் கேடயமும் அவ்வாறு அடங்கா. ஒவ்வொன்றும் ஓர் அறையை விழுங்கும். எது அடுக்கும், எது அடுக்காது என்று அறிவதே புதியவனின் முதற்பாடம்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். தொடக்கக்காரர் பலர் லம்பிரிட்ஜ் என்னும் ஊரையடுத்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகளை வேட்டையாடுவர். ஒவ்வொரு மாடும் எலும்பு, இறைச்சி, தோல் என்னும் மூன்றைத் தரும். மூன்றையும் பொறுக்குகிறவனுக்கு ஒன்பது மாட்டோடு இருபத்தேழு அறைகள் நிரம்பிவிடும். தோல் ஒன்றையே எடுப்பவன் இருபத்தெட்டு மாடுகளின் தோலைக் கொண்டு செல்வான். எலும்பை எடுத்தவிடத்திலேயே புதைத்தால் வழிபாட்டுத் திறன் வளரும்; அறையும் உடனே காலியாகும். ஆக, ஒரே நிலம், ஒரே மாடு, ஒரே உழைப்பு. ஆனால் வீடு வந்து சேரும் பயனோ மும்மடங்கு வேறுபடுகிறது. வேறுபாட்டைச் செய்தது கையின் வலிமையன்று. புறப்படுமுன் 'நான் இன்று எதற்காகப் போகிறேன்?' என்று கேட்டுக்கொண்ட அறிவு.

இதனைத் தோட்டத்துப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கூடைக்கு அளவுண்டு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினாற்றான் கொழுந்துக்கு மதிப்பு. முற்றலையும் கட்டையையும் சேர்த்தாற் கூடை விரைவில் நிறையும். மடுவத்தில் நிறுக்கும்பொழுது அது கழிக்கப்படும். கூடை நிறைந்ததற்கும் பேர் விழுந்ததற்கும் உள்ள வேறுபாட்டை, அரைப்பேர் வாங்கி வீடு திரும்பிய தாய் நன்கறிவாள். அவளுடைய மகன் தொலைபேசியில் அதே பாடத்தை வேறு பெயரிற் படிக்கிறான். ஆனால் அது தன் தாயின் பாடமென்று அவனுக்குத் தெரியாது.

இரண்டாவது பாடம் வங்கி. கொழுந்து பறிப்போர் மாலைவரை ஒரே கூடையைச் சுமப்பதில்லை. நாளில் இரண்டு மூன்று முறை நிறுத்துக் கொட்டிவிட்டு மீண்டும் மலைக்குச் செல்கின்றனர். விளையாட்டிலும் ஊர்கள் பலவற்றில் வங்கி உண்டு. அங்கே எப்பொருளும் அடுக்கிக்கொள்ளும். மேலும், அடுக்காத பொருளைப் பத்திரமாக மாற்றித் தருவர். நூறு தோலுக்கு ஒரே பத்திரம். ஓர் அறை போதும். ஆனால் பத்திரத்தை உடுக்கவோ உண்ணவோ இயலாது. விற்கலாம், அல்லது வங்கியில் மீண்டும் பொருளாக்கலாம். சந்தைக்குச் செல்பவன் பத்திரம் கொள்ளட்டும். போருக்குச் செல்பவன் பண்டம் கொள்ளட்டும். இரண்டையும் மாற்றிக் கொண்டவன் உணவிருந்தும் மடிவான்.

மூன்றாவது, தரம் பிரித்தல். வேர்ல்ட் ஒஃப் வார்க்ராஃப்ட் விளையாட்டிற் பொருளின் தரத்தை நிறம் காட்டும். சாம்பல் கடைத்தரம், வெள்ளை சாதாரணம், அதன்மேற் பச்சை, நீலம், ஊதா, செம்மஞ்சள் என ஏறிச் செல்லும். சாம்பல் நிறத்தது பெரும்பாலும் கடையில் விற்பதற்கே உரியது. தேயிலைத் தொழிற்சாலையிற் சல்லடை செய்யும் வேலையும் இதுவே. ஏறக்குறைய நாலரை முதல் ஐந்து கிலோப் பச்சைக் கொழுந்து, வாடி, உருண்டு, புளித்து, உலர்ந்து ஒரு கிலோத் தேயிலையாகிறது; பின்னர்ச் சல்லடை அதனைப் பல தரங்களாகப் பிரிக்கிறது. கழிவுத் தேயிலை நல்ல தேயிலையோடு கலவாதிருத்தலே தொழிற்சாலையின் மானம். ஆயினும் புதியவன் ஒன்றை மறத்தலாகாது: நிறம் உயர்ந்ததென்பதால் அது தனக்கு உதவுமென்பதில்லை. மந்திரவாதிக்குரிய அங்கியை வாள்வீரன் சுமந்து திரிந்து பயனென்ன? கூட்டமாகச் சென்று பெற்ற பொருளைப் பங்கிடும்போது, 'எனக்குத் தேவை' என்றும் 'கிடைத்தாற் கொள்வேன்' என்றும் இருவகையாக உரிமை கோரும் முறை அவ்விளையாட்டில் ஏற்பட்டதும் இதனாலேதான். தேவையுடையவனுக்கு முதலிடம், ஆசையுடையவன் பின்னே நிற்கவேண்டும்.

நான்காவது, இழப்பை எண்ணிப் புறப்படுதல். ரூன்ஸ்கேப்பில் ஒருவன் மடிந்தால், அவனிடமுள்ள பொருள்களுள் மிக்க விலையுள்ள மூன்று மட்டும் பொதுவாக அவனிடமே தங்கும். ஏனையவற்றைப் பின்னர் மீட்கவேண்டும். வனாந்தரம் எனப்படும் நிலத்திற் பிறர் கையால் மடிந்தாலோ, அவை அவர் வசமாகும். தானே முந்திப் பிறரைத் தாக்கியவனுக்குப் பொதுவாக அம்மூன்றும் மிஞ்சா. ஆதலின், இழந்தால் தாங்கக்கூடியதையே கொண்டு செல்க என்பது அங்கு விதி.

எதை எடுப்பது, எதை விடுவது என்னும் வினா நம் மக்களுக்குப் புதியதன்று. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதன்படி ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குரியவர் என்றும், மூன்று இலட்சம் பேர் இந்நாட்டுக்குரியவர் என்றும் வகுக்கப்பட்டது. அதன்பின் எத்தனையோ குடும்பங்கள் மலைநாட்டிலிருந்து புகையிரதம் ஏறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் சென்றன. கப்பற் போக்குவரத்து 1984-இல் நின்றது. தலைமுறைகள் வாழ்ந்த லயத்து அறையை ஒரு பெட்டியில் அடக்க வேண்டியிருந்த அம்மக்களுக்கு, மடிந்தால் மீண்டும் தொடங்கலாம் என்ற விளையாட்டு வசதி இருக்கவில்லை. பையின் அளவை மதிப்பது அற்பக் கலையன்று என்பதை உணர்த்தவே இதனைச் சொன்னேன்.

ஐந்தாவது, விற்றல். பொதுக் கடையில் ஒரே பொருளைத் தொடர்ந்து விற்றால், ஒவ்வொன்றுக்கும் விலை குறைந்துகொண்டே வரும். 2007-இல் ரூன்ஸ்கேப்பில் ஆட்டக்காரர் அனைவரும் விற்கவும் வாங்கவும் கூடிய பெருஞ்சந்தை ஏற்பட்டது. கொழும்பிலே 1883 முதல் தேயிலை ஏலம் நடப்பதும் இதை ஒத்ததே. பலர் கேட்கும் இடத்திலேதான் பொருளின் உண்மை விலை தெரியும். புதியவன் பொருளைக் கீழே எறியுமுன் அதன் சந்தை விலையை ஒருமுறை பார்க்கட்டும். நாளை உதவும் என்று எல்லாவற்றையும் பதுக்கி வைப்பவனும், விலை அறியாது எறிபவனும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

ஆறாவது, வஞ்சகம். 'உன் கவசத்தைத் தா, விளிம்பிற் பொன் கட்டித் தருகிறேன்' என்பான் ஒருவன். அவ்வாறு கட்டும் திறன் எந்த ஆட்டக்காரனுக்கும் அவ்விளையாட்டில் இல்லை. 'காசைத் தா, இரட்டிப்பாக்குகிறேன்' என்பான் மற்றொருவன். கைமாற்றம் உறுதியாகுமுன் இருமுறை கேட்கும் திரை வைக்கப்பட்டிருப்பது இவர்களுக்காகவே. இரண்டாவது திரையை நிதானமாக வாசிப்பவன் ஏமாறுவது அரிது.

பத்தாம் தரத்து மாணவன் ஒருவன் இவ்வாறு பல மாதத்துச் சேமிப்பை ஒரே மாலையில் இழந்தான். இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை. வீட்டிலுள்ளோர் முதலிற் பதறினர். காரணம் தெரிந்ததும் சிரித்தனர். அச்சிரிப்புத்தான் தகாதது என்பேன். பொருள் பொய்யாக இருக்கலாம். அதற்குச் செலவான நேரமும் பொறுமையும் பொய்யல்ல. 2001-இல் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்னும் பொருளியலறிஞர், எவர்குவெஸ்ட் உலகின் பொருளாதாரத்தை மெய்யான நாட்டின் பொருளாதாரம் போலவே கணக்கிட்டு ஆராய்ந்தார். 2017-ஐ ஒட்டி வெனிசுவேலாவில் விலைவாசி கட்டுக்கடங்காது ஏறியபோது, அங்குள்ளோர் பலர் ரூன்ஸ்கேப்பிற் பொன் சேர்த்து, விளையாட்டின் விதிக்கு மாறாக அதனைப் பிறர்க்கு விற்று உணவு வாங்கினர். ஏமாந்த பிள்ளையிடம், 'எப்படி ஏமாந்தாய், எங்கே நீ நிதானித்திருக்கலாம்?' என்று அமர்ந்து கேட்டாற் போதும். நாளை வெளிநாட்டு வேலை தருவதாக ஒருவன் வந்து கடவுச்சீட்டையும் முற்பணத்தையும் கேட்கும்பொழுது, அப்பிள்ளை இரண்டாவது திரையை வாசிப்பான்.

இறுதியாக, எல்லாவற்றிலும் கூடிய அவதானம் வேண்டியது அதிர்ஷ்டப் பெட்டி. மெய்யான காசு கொடுத்து, உள்ளே இருப்பது தெரியாத பெட்டியை வாங்கும் முறை பல விளையாட்டுகளில் உண்டு. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்கு முரணானவை என்று முடிவு கூறிற்று. 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் என்னும் விளையாட்டில், உயர்தரப் பாத்திரம் ஒரு முறை இழுக்கையிற் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு ஆயிரத்துக்கு ஆறு; தொண்ணூறாவது முறைக்குள் ஒன்று உறுதி. ஆயிரத்துக்கு ஆறு என்றால் என்ன என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும் கணித ஆசிரியர், நூறு கண்டிப்பிலும் கூடிய நன்மை செய்தவராவார். காசின்றிக் கிடைக்கும் பெட்டியைத் திறக்கட்டும். ரீலோட் போட வைத்திருந்த காசோ, தாய் மலையேறி இறங்கிச் சேர்த்த காசோ அதனுட் போகலாகாது. இதுமட்டும் விளையாட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையே இட்ட வேலி. அதனைத் தாண்டப் பிள்ளைகளை விடக்கூடாது.

நேயர்களே, 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வழக்கு. போகும் நோக்கத்தை முன்னே தெளிதல், சுமக்கக்கூடியதைச் சுமத்தல், நிறைந்ததும் கொட்டிவிட்டு மீளுதல், தரம் பிரித்தல், இழப்புக்கு ஆயத்தமாதல், விலை அறிந்து விற்றல், கைமாறுமுன் மறுமுறை வாசித்தல் ஆகிய இவற்றை ஒரு பிள்ளை எங்கே கற்றாலும் கற்றது கற்றதே. ஒரு மாலைப்பொழுது அவனருகே அமர்ந்து, 'உன் பையில் என்ன வைத்திருக்கிறாய், ஏன் வைத்திருக்கிறாய்?' என்று கேளுங்கள். அவன் பெருமையோடு விடை சொல்வான். அதன்பின், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியை வைத்துவிட்டுப் புத்தகப் பையைத் திறக்கும்படி நீங்கள் சொல்லும் சொல்லும் அவன் காதில் ஏறும்.