ஓடினால் வியாதி தீருமா?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஓட்டத்தைப்பற்றி. பரிசு வாங்க ஓடும் ஓட்டமல்ல. ஒரு சிநேகிதனுடைய வியாதியை உலகம் அறியவேண்டுமென்று ஒருவர் ஓடிய ஓட்டம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரின் ரக்பி கோஷ்டியில் ராப் பர்ரோ, கெவின் சின்ஃபீல்டு என்ற இருவர் பல வருஷம் சேர்ந்து ஆடினார்கள். பர்ரோ குள்ளமானவர், ஆனாலும் பெரிய உருவத்தினரையெல்லாம் ஏமாற்றிவிட்டு ஓடக்கூடியவர். 2019 டிசம்பரில், 37-வது வயதில், அவருக்கு மோட்டார் நியூரான் வியாதி என்று வைத்தியர்கள் சொன்னார்கள். தசைகளை ஆட்டிவைக்கும் நரம்பு அணுக்கள் செத்துக்கொண்டே வருவதுதான் இவ்வியாதி. கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சும் போகும். பலருக்குப் புத்தி மட்டும் தெளிவாயிருந்து இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருக்கும். வியாதி இன்னதென்று தெரிந்த இரண்டு வருஷத்திற்குள் பாதிப்பேருக்குமேல் இறந்துபோகிறார்கள்.

"எல்லாம் விதி" என்று சொல்லி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுப் போயிருக்கலாம். சின்ஃபீல்டு அப்படிப் போகவில்லை. 2020 டிசம்பரில் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடினார். ஒரு மாரத்தான் 26 மைலுக்குச் சற்று அதிகம். பர்ரோவின் சட்டை எண் 7, அதனால் ஏழு. கேட்டது 77,777 பவுன். வந்தது 20 லட்சம் பவுனுக்கு மேல். 2021-ல் லெஸ்டரிலிருந்து லீட்ஸுக்குச் சுமார் 24 மணி நேரத்தில் 101 மைல் ஓடினார். 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத்தூரமும் தள்ளிக்கொண்டு ஓடி, முடிவில் அவரைக் கைகளில் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைக் கடந்தார்.

"இதனால் வியாதி தீர்ந்ததா?" என்று கேட்பீர்கள். தீரவில்லை. 2024 ஜூன் 2-ந் தேதி பர்ரோ இறந்துபோனார். ஓட்டம் மருந்து என்று எவராவது சொன்னால் அதை முதலில் மறுப்பவர்கள் நாமாகத்தானிருப்போம். பின்னை பிரயோஜனமென்ன?

பிரிட்டன் முழுவதிலும் ஒரு சமயத்தில் இவ்வியாதியுள்ளவர்கள் சுமார் 5,000 பேர்தான். மருந்துக் கம்பெனிக்காரனுக்கு அதில் லாபம் தெரிவதில்லை. சர்க்காருக்கு அதில் ஓட்டுத் தெரிவதில்லை. சத்தம் போட வியாதியஸ்தனுக்கு வாயுமில்லை. அந்தச் சத்தத்தைத்தான் இந்த ஓட்டம் போட்டது. வியாதியஸ்தர்களும் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கிளர்ச்சி செய்தபின், 2021 நவம்பரில் அந்தச் சர்க்கார் ஐந்து வருஷத்தில் 5 கோடி பவுன் ஆராய்ச்சிக்குத் தருவதாக வாக்களித்தது. லீட்ஸில் பர்ரோ பேரால் ஒரு வைத்திய நிலையத்திற்கு, அவர் இறந்த மறுநாளே கட்டட வேலை தொடங்கிற்று.

ஆராய்ச்சி என்ன செய்யுமென்பதற்கும் அத்தாட்சியுண்டு. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் கோளாறு இவ்வியாதிக்கு ஒரு காரணமென்று 1993-ல் கண்டார்கள். அதைக் குறிவைத்த டோஃபெர்சன் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் நூற்றில் சுமார் இரண்டு பேருக்கே பொருந்தும். காரணம் கண்டதற்கும் மருந்து வந்ததற்கும் இடையில் 30 வருஷம்! அதைக் குறைக்கப் பணமும் வேண்டும், ஆளும் வேண்டும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். வைத்திய ஆராய்ச்சியை ஒரு மனிதனுடைய முழங்காலை நம்பி விடுவது எந்தச் சர்க்காருக்காவது அழகா? புகழ்பெற்ற சிநேகிதன் இல்லாத வியாதியஸ்தனுக்காக எவன் ஓடுவான்?

தன் புண்ணியத்துக்காக உடம்பை வருத்திக்கொள்பவர்களை நிரம்பப் பார்த்திருக்கிறோம். பிறனுடைய நோவுக்காக வருத்திக்கொண்டு, அதற்குக் காரணமும் மருந்தும் தேடச் சொல்வதே மனிதத்தன்மை. ஓட முடியாதவர்கள் இவ்வியாதியின் பேரையாவது நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறோம்.