ஓடிவந்த தகப்பன்

கடவுளைத் தந்தை என்று அழைப்பது எல்லாருக்கும் எளிதல்ல. அப்பாவின் குரல் கேட்டாலே நடுங்கி வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லே அச்சம் தரும்.

கெத்சமனே தோட்டத்தில் துயரத்தோடு ஜெபித்த இயேசு, "அப்பா" என்றே கடவுளை அழைத்தார். அது அரமேய மொழிச் சொல். தமிழருக்கு மொழிபெயர்க்கவே தேவையில்லை.

அந்த அப்பா எப்படிப்பட்டவர்? லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். சொத்தை அழித்து, பன்றி மேய்த்துப் பசியில் வாடிய இளைய மகன் வீடு திரும்புகிறான். மன்னிப்புக் கேட்டு, கூலியாளாகவாவது சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் எண்ணி வருகிறான். தூரத்திலேயே அவனைக் கண்ட தகப்பன் ஓடிப்போய்க் கட்டி அணைக்கிறார். மகன் மன்னிப்புக் கேட்கிறான். கூலி வேலை கேட்கும் முன்பே அவனுக்குப் புத்தாடையும் மோதிரமும் வருகின்றன.

பெற்றவரை வைத்துக் கடவுளை அளக்க வேண்டாம். இந்தத் தகப்பனைப் பார்த்துப் பெற்றவர்கள் தங்களை அளந்துகொள்ளட்டும்.