கவ்வாத்து மலைக்குக் கைக்கத்தியே

 தேயிலைக் கவ்வாத்துக்கு ஏற்றது கைக்கத்தியா, இயந்திரமா என்பது இன்றைய விவாதத்தின் கேள்வி. எதிரணித் தலைவர் ஒரு நாளில் கத்தி எத்தனை செடி வெட்டும், இயந்திரம் எத்தனை செடி வெட்டும் என்று கணக்குக் காட்டிவிட்டு அமர்ந்தார். அந்தக் கணக்கில் இயந்திரம்தான் வெல்லும். அதை மறுத்துப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். ஆனால் அவர் எண்ணியது வெட்டிய செடியை. நான் எண்ணச் சொல்வது வெட்டியபின் பிழைத்த வாதை, அதாவது கிளையை. மலையகத்தில் ஒரு செடிக்குக் கவ்வாத்து வருவது ஏறத்தாழ நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. அந்த ஒரு நாளில் செடியின் உடம்பில் விழும் ஒவ்வொரு வெட்டும் திறந்த புண். அடுத்த நான்கு ஆண்டுக் கொழுந்தும் அந்தப் புண் எப்படி ஆறியது என்பதைப் பொறுத்தே வரும். கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபிறகு இந்த மலைகளில் தேயிலை பரவியது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தொடங்கிய பயிர் அது. விதைத் தேயிலைச் செடிகளில் நூறு வயதைக் கடந்தவை இன்றும் கொழுந்து தருகின்றன. அப்படியொரு செடி இருபது முறைக்குமேல் கவ்வாத்தைத் தாங்கியிருக்கும். இருபது முறையும் அதைத் தாங்க வைத்தது எந்தக் கருவி என்று எதிரணி சொல்லவே இல்லை.

வெட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழக்கே அதில்தான் இருக்கிறது. வெட்டு வழவழப்பாக இருக்க வேண்டும். மழைநீர் தேங்காமல் வழிந்தோடச் சாய்வாக இருக்க வேண்டும். பட்டை கிழியக் கூடாது, கட்டை பிளக்கக் கூடாது. கிழிந்த இடத்தில் ஈரம் நிற்கும், பூஞ்சணம் புகும், நுனியில் தொடங்கும் அழுகல் வாதின் வழியே அடிக்கட்டை வரை இறங்கும். கண்டியைச் சுற்றிய நடுத்தர உயரத் தோட்டங்களில் வாதைத் துளைக்கும் வண்டு வேறு காத்திருக்கிறது. அது குடைந்த வாது காற்றுக்கே ஒடியும். இத்தனைக்கும் நடுவே செடி துளிர்ப்பது எதைக் கொண்டு? இலை எல்லாம் போய்விட்டது, உணவு தயாரிக்க வழியில்லை. வேரில் சேர்ந்திருக்கும் மாப்பொருளைச் செலவழித்துத்தான் புதுத் தளிரை விடுகிறது. கையிருப்பு குறைந்த செடியாக இருந்தால் ஓரத்தில் இரண்டு மூன்று இலைவாதை விட்டு வெட்டுவார்கள்; செடி மூச்சு விடுவது அந்த வாதுகளால்தான். எந்த வாதை விடுவது, எந்தப் பட்டுப்போன கட்டையை உள்ளே குனிந்து எடுப்பது, எது குறுக்கே வளர்ந்து நடுவை அடைக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொரு செடியிலும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவுகள். மட்டக் கம்பு உயரத்தை மட்டும்தான் சொல்லும். மற்றதைக் கவ்வாத்துக்காரரின் கண் சொல்கிறது. இயந்திரத்தைப் பிடித்திருப்பவருக்கும் கண் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, ஆனால் சுழலும் தகடு ஒரே தளத்தில் போவதற்குச் செய்யப்பட்டது. ஒரு வாதை மட்டும் சாய்த்து வெட்டு, பக்கத்து வாதைத் தொடாதே என்று அதனிடம் சொல்ல முடியாது.

இயந்திரத் தகட்டையும் கூராக வைத்திருந்தால் வெட்டு சுத்தமாகத்தானே விழும் என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கூராக இருந்தால் விழும். கூராக இருக்கிறதா என்பதுதான் பேச்சு. ஆகவே இரும்பைப் பற்றிப் பேசியாக வேண்டும்; அதற்கு வாளை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஜப்பானிய வாளை வைத்து வெட்டிப் பழகுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நனைத்துச் சுருட்டிய கோரைப்பாயை நிறுத்தி வெட்டுவது அவர்கள் வழக்கம். பரம்பரைக் கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகவும் வாயில் மெல்லியதாகவும் பூசிக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். வாய்ப்பகுதி சட்டென்று குளிர்ந்து கடினமாகிறது, முதுகு மெல்லக் குளிர்ந்து மிருதுவாக நிற்கிறது. நாம் படத்தில் பார்த்து வியக்கும் அந்த வளைவுகூடப் பெரும்பாலும் அந்தத் தோய்ச்சலில் பிறப்பதுதான். ஆனால் வெட்டும் கோணம் பிசகினால் மிருதுவான முதுகு வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். அதனால் அடிக்கடி வெட்டிப் பழகுகிறவர்களில் பலர் அழகு குறைந்தாலும் பரவாயில்லை என்று, முழுவதும் ஒரே சீராகப் பதம் போட்ட வில்லெஃகு வாளை வாங்குகிறார்கள். அது வளைந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். பாயை வெட்டுகிறவருக்கே இந்தக் கவலை என்றால், காலை முதல் பச்சைக் கட்டையையும் காய்ந்த கணுவையும் மாறி மாறி வெட்டுகிறவருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! அளவுக்கு மீறிக் கடினமான கத்தி கணுவில் பட்டதும் வாய் பொரிந்துவிடும். மிருதுவான கத்தி அரை நாளில் மழுங்கிவிடும். லொறி வில்பட்டை இரும்பை அடித்து, தோய்த்து, மறுபடி இலேசாகச் சுட வைத்து, நிறம் பழுப்பையும் ஊதாவையும் தாண்டி நீலத்தை எட்டும் நேரத்தில், அதாவது ஏறத்தாழ 300 பாகை செல்சியஸில் நிறுத்தினால் இரண்டுக்கும் நடுவான பதம் கிடைக்கும்.  நல்ல பதத்தில் உள்ள கத்தி மழுங்கினால் சாணைக்கல்லை எடுத்து மலையிலேயே தீட்டிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை. நம் மலைகளில் மண்ணைவிடக் கல் அதிகம். இயந்திரத் தகடு கல்லில் ஒருமுறை உரசிவிட்டால் அதை இறக்கி, கழற்றி, தீட்டி ஏற்ற வேண்டும். வேகத்துக்காக வாங்கிய இயந்திரத்தை யார் நடுவில் நிறுத்துவார்? மழுங்கிய தகட்டோடு வரிசை முடியும்வரை போவார்கள். பட்டை கிழிவது அங்கேதான்.

ஆளில்லையே என்பதுதான் எதிரணியின் பெரிய அஸ்திரம். பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள், கத்தி பிடிக்க யார் இருக்கிறார்கள் என்கிறார்கள். போனது உண்மை. ஏன் போனார்கள்? 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது, 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. ஐந்து ஆண்டு விளைச்சலைத் தன் கையில் வைத்திருக்கும் கவ்வாத்துக்காரருக்கும், பெரும்பாலும், மற்ற வேலைக்கு விழும் அதே ஒரு பேர்தான், அதாவது ஒரு நாள் கூலிதான், விழுகிறது. திறமைக்குக் கூலி வைக்காமல் திறமை இல்லை என்று அழுவதில் என்ன நியாயம்? செடி எண்ணிக்கைக்குப் பதிலாக வெட்டின் தரத்தைப் பார்த்து மேலதிகமாகக் கொடுத்துப் பார்க்கட்டும். அதைச் செய்யாமல் இயந்திரத்துக்கு மட்டும் பணம் எடுப்பது, ஆள் பற்றாக்குறைக்கு மருந்தல்ல. கத்தியால் முழங்காலிலும் இடது கையிலும் வெட்டு விழுகிறதே என்றும் சொன்னார்கள். விழுகிறது, மறைப்பதற்கில்லை. காலுக்குக் கவசம் கொடுக்காத குறையைக் கத்தியின் தலையில் கட்டக் கூடாது. கட்டையில் பட்டுத் துள்ளும் தகடு மட்டும் ஆளைப் பார்த்து விலகிப் போகுமா?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. புண்ணில் பூச மருந்து கிடைக்காத காலத்தில் செடிக்கு இருந்த ஒரே காவல் சுத்தமான வெட்டு. அடுத்த ஆண்டே எரிபொருள் தட்டுப்பாடு. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற நாடு இது. அந்த மாதங்களில் இயந்திரத்தை நம்பியிருந்தால் கவ்வாத்து நின்றிருக்கும். கத்திக்குத் தேவை ஒரு கல்லும் கொஞ்சம் தண்ணீரும். டொலர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை.

ஜப்பானைப் பற்றிச் சொன்னாய், அங்கே தேயிலையை வெட்டுவது இயந்திரம்தானே என்று நடுவரே கேட்கக்கூடும். ஆமாம், கொழுந்தெடுப்பது முதல் ஆழமாக வெட்டுவது வரை அங்கே இயந்திரம்தான். அவர்கள் இயந்திரம் போகத் தக்கபடி வேலி மாதிரி நேர் வரிசையில் செடியை வளர்த்துவிட்டுப் பிறகு இயந்திரத்தை இறக்கினார்கள். நம்முடைய பழைய மலைகளில் சரிவு ஒரு பக்கம், பாறை ஒரு பக்கம், செத்த செடிக்குப் பதில் நட்ட இளஞ்செடி நடுவில். இங்கே அதே இயந்திரத்தை இறக்குவது காலுக்குப் பொருந்தாத சப்பாத்தைப் போட்டுக்கொள்வது போலத்தான். சமதரையில் புதிதாக நட்ட ஒட்டுத் தேயிலையில் மேலாக மட்டும் சீவிவிட இயந்திரம் போகட்டும். பெருவிரலைவிடத் தடித்த கட்டைக்குக் கைவாளும் வேண்டும். இவற்றுக்கு என் அணி குறுக்கே நிற்காது. நாங்கள் கேட்பது கவ்வாத்து மலையை மட்டும்தான்.

நடுவர் அவர்களே, எங்கள் வாதம் மிகைப்படுத்தல் என்று எதிரணி நினைத்தால் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. ஒரே மலை, ஒரே வயதுச் செடி, ஒரே பருவம். பாதியை நல்ல பதத்தில் உள்ள கத்தியோடு பழகிய கவ்வாத்துக்காரரிடம் கொடுங்கள், பாதியை இயந்திரத்திடம் கொடுங்கள். முதல் நாள் முடிவில் எண்ணாதீர்கள். மூன்றாம் ஆண்டு மழைக்குப் பிறகு வரிசையில் இறங்கி, இரண்டு பாதியிலும் பட்டுப்போன வாதை எண்ணுங்கள். எதிரணி இதற்குச் சம்மதமா என்று மட்டும் அவர்களின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும்.