கேட்டதெல்லாம் செய்தியாகுமா?

 



2018ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள். சென்னையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் உறவினர்களுடன் காரில் தம் குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்தார். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர் பகுதியில் வழி கேட்பதற்காக வண்டி நின்றது. அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் நடமாடுகிறது என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவிக் கிடந்தது. ஊரார் திரண்டனர். அந்த மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்; உடன் வந்தோர் படுகாயமுற்றனர். அதே மாதத்தில், நம் கடற்கரைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டிலும் இதே சந்தேகத்தால் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

அடித்தவர்களைக் காவல்துறை தேடிப் பிடித்தது. அந்தச் செய்தியை அவர்களின் கைப்பேசி வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் எங்கே? அவர்கள் தத்தம் வீடுகளில் நிம்மதியாக இருந்தார்கள். “உண்மையோ பொய்யோ, எதற்கும் நாலு பேர் எச்சரிக்கையாக இருக்கட்டும்” என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்கள்தாம் அவர்களில் பலர். அவ்வாண்டு நம் நாட்டின் பல மாநிலங்களில் சுற்றிய காணொளி ஒன்று, குழந்தைப் பாதுகாப்புக்காகக் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படமாகும். கடத்துவதுபோல் நடித்தவர் குழந்தையைத் திரும்ப ஒப்படைக்கும் இறுதிக் காட்சியை யாரோ வெட்டிவிட்டனர். மீதியை நல்லவர்கள் பரப்பினர்.

அன்புச் சகோதரர்களே! நம்பகமற்றவர் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனம் எச்சரிக்கிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்தார் ஸகாத் வசூலிக்க வந்தவரை வரவேற்கத் திரண்டு வந்தனர். அவரோ தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்றெண்ணித் திரும்பிச் சென்று, ஸகாத் தர மறுத்துவிட்டனர் என்று அறிவித்தார். இச்சந்தர்ப்பத்தில்தான் இவ்வசனம் அருளப்பட்டது என விரிவுரையாளர்கள் பலர் எழுதியுள்ளனர். வரவேற்க வந்த கூட்டம் போருக்கு வந்த கூட்டமாகத் தெரிந்தது. மிட்டாய் நீட்டிய கை பிள்ளை பிடிக்கும் கையாகத் தெரிந்தது. அவசரப் பார்வையின் இயல்பே இதுதான்.

விசாரித்தலின் அருமை கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினக் கரையோரம் வாழும் நமக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று எந்த எச்சரிக்கையும் இன்றிச் சுனாமி வந்தது. நான்கே நாட்களில், டிசம்பர் 30 அன்று, வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி மீண்டும் அலை வரும் என அறிவிக்கப்பட்டது. தமிழகக் கடலோர மக்கள் அலறியடித்து ஓடினர், அலை வரவில்லை. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. கடலடியில் நிலம் அதிர்ந்தால் அங்குள்ளோர் அதன் அளவைக் கணிக்கின்றனர். கடலடி அழுத்தமானிகளும் கரையோரக் கடல்மட்டக் கருவிகளும் காட்டுவதைச் சரிபார்க்கின்றனர். அதைக் கொண்டே எச்சரிக்கையை உறுதிப்படுத்துகின்றனர் அல்லது விலக்கிக்கொள்கின்றனர். உயிர் காக்கும் செய்திக்கே இத்தனை சோதனை தேவையெனில், ஒருவரின் மானத்தைப் பறிக்கும் செய்திக்கு எத்தனை சோதனை தேவை?

அவசரத் தீர்ப்பின் வலியை நம் சமுதாயமே அனுபவித்துள்ளது. 2020இல் கொரோனா பரவியபோது, பழைய காணொளிகளைப் புதியவைபோல் காட்டி, முஸ்லிம்களே நோயைப் பரப்புகிறார்கள் என்று பிரச்சாரம் செய்யப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்துசெய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும் குறிப்பிட்டது. பொய்யைப் பரப்பிய விரல்களில் எத்தனை விரல்கள் இத்தீர்ப்பைப் பரப்பின?

அந்த வேதனையை அறிந்த நாம், நம் குடும்பக் குழுக்களில் என்ன செய்கிறோம்? அரை நிமிடக் காணொளியைப் பார்த்து ஒரு கடைக்காரரை மோசடிக்காரர் என்கிறோம். ஒரு புகைப்படத்தைப் பார்த்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளந்துவிடுகிறோம். நின்றுபோகும் திருமணங்கள் நம் கணக்கில் எழுதப்படாது என்றா நினைக்கிறோம்? அழகிய படத்தில் அச்சிட்டிருந்தால், ஸனது இல்லாத சொல்லையும் ஹதீஸ் என்று அனுப்புகிறோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் அவதூறு கிளப்பிய நாளில், அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களிடம் அவர்களின் மனைவி அப்பேச்சைப் பற்றிக் கேட்டார். நீ அவ்வாறு செய்வாயா என்று வினவினார்கள். அல்லாஹ்வின் மீதாணையாக மாட்டேன் என்றார் மனைவி. ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவராயிற்றே என்றார்கள். அந்த வீட்டு வாசலோடு வதந்தி மடிந்தது. ஒவ்வொரு முஸ்லிம் இல்லமும் அத்தகைய வாசலாக இருக்க வேண்டும்.

சகோதரர்களே! 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் நம் நாட்டில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு கட்டுப்பாடு விதித்தது. ஒரே ஓர் இடத்துக்கு அனுப்பினாலும் அது நாம் சொல்லும் சாட்சியே. மேலும் இது அடியார்களின் உரிமை சார்ந்த பாவம். பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் இதன் தவ்பா நிறைவு பெறாது. முகமறியாத ஒருவரை எங்கே தேடிச் சென்று மன்னிப்புக் கேட்பது? எனவே அனுப்புமுன் நிதானியுங்கள். சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா என்று கேளுங்கள். விடை இல்லையெனில் அச்செய்தி உங்களோடு நிற்கட்டும். பொய்யென்று பின்னர் தெரிந்தால், எந்தக் குழுவில் பரப்பினீர்களோ அதே குழுவில் வெளிப்படையாகத் திருத்துங்கள். வெட்கப்பட்டு மௌனமாக அழித்துவிடுவது போதாது.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பிறருக்குத் தீங்கிழைப்பதிலிருந்து பாதுகாத்து, தீர விசாரித்துப் பேசும் நல்லடியார்களாக நம்மையும் நம் குடும்பத்தாரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.