வட கடலில் மணிக்கயிற்றுச் சொறி

நார்வே தேசத்துக் கடலோரத்தில் வலைக்கூண்டுகளில் சால்மன் மீன் வளர்த்து ஜீவனம் செய்வோர் பலருண்டு. குளிர்காலம் தொடங்கும்போது அவர்களுக்கு ஒரு பயம் பிறக்கும். தமிழ்நாட்டு மீனவர் சொறி என்று கூறும் இனத்துக்கு உறவான ஜந்து ஒன்று, மணிகோத்த கயிறுபோல் பல கஜ நீளத்துக்கு மிதந்து வரும். பார்வைக்கு ஒன்றாயினும் அது பல சிற்றுயிர்களின் கூட்டு. நீந்துவது சிலவற்றின் வேலை. உண்பது சிலவற்றின் வேலை. இதுவும் ஒருவகை ஐக்கிய சங்கமே. ராஜிநாமா செய்யமட்டும் வழியில்லை!

அலையில் அறுந்த துண்டுகள் வலைக்கண் வழியே நுழைந்து மீனின் தோலையும் கண்ணையும் செவுளையும் சுடும். அறுந்த துண்டிலும் விஷம் தங்கியிருக்கும். ஆகையால் கூண்டிலொட்டியதை வெட்டியெறிவதால் பயனில்லை, துண்டுகளே பெருகும். 1997-ம் வருஷத்தில் இது பெருந்திரளாக வந்தது. 2023-ம் வருஷ இறுதியிலோ லட்சக்கணக்கான மீன்கள் மடிந்தன. காயம்பட்டவற்றை வளர்த்தவர்களே கொல்ல நேர்ந்தது.

வலை இழுப்போர் கையுறை அணிதல் அவசியம். தைத்த இடத்தைத் தேய்க்கலாகாது, கடல்நீரால் கழுவுக. பெர்கன் நகரத்துக் கடலாராய்ச்சி ஸ்தாபனத்தார், இதைக் கண்ட இடத்தையும் நாளையும் தெரிவிக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொள்கின்றனர். செய்தி முந்திக் கிடைத்தால், விற்பனைக்குத் தயாரான மீனையாவது கரையேற்ற இடமுண்டு.