பாடப்புத்தகத்தில் ஒரு கறுப்புக் கட்டம்

(எலவனாசூர்கோட்டையில் நடந்த நமது சங்கக் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



தண்ணீர்த் தொட்டி, பராமரிப்புக் கட்டணம் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு மைக் வந்திருக்கிறது. ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, அறிவியல் புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, இந்தக் கட்டம் எதுக்கு?" என்று கேட்டாள். முப்பது வருஷம் பாடம் நடத்திய எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அதன் பெயர் விரைவுக் குறியீடு. நாம் கியூஆர் கோடு என்கிறோம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது. நமக்கு அது டீக்கடையில் காசு கொடுக்கத்தான் பழக்கம். 2018-ல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குத் தமிழ்நாடு அரசு புதிய பாடநூல்களை வெளியிட்டபோது, பாடங்களோடு இதையும் அச்சிட்டது. அடுத்து மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது.

பயன்படுத்துவது எளிது. செல்போனில் 'திக்‌ஷா' செயலியைப் பதிவிறக்குங்கள். காசு கிடையாது. அதில் ஸ்கேன் பகுதியைத் தொட்டு, போனைக் கட்டத்தின்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கான காணொளியோ பயிற்சியோ வரும். கட்டம் மை படிந்து கெட்டிருந்தால், அதன் கீழே இருக்கும் ஆறு எழுத்து, எண்களைத் தட்டச்சு செய்தாலும் போதும். சிக்னல் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொண்டால், இணையம் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். போனைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பாடம் பார்க்கப் போன விரல் பத்தாவது நிமிடம் விளையாட்டில் நிற்கும். வீட்டில் ஸ்மார்ட் டிவி இருந்தால், டிவியையும் போனையும் ஒரே வைஃபையில் இணைத்து, போனில் உள்ள 'காஸ்ட்' வசதி மூலம் பெரிய திரையில் காட்டுங்கள். புத்தகம் மடியில் திறந்தே இருக்கட்டும். காணொளியை நிறுத்தி நிறுத்தி, "இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில்தான் படிப்பு இருக்கிறது. கூடவே, சுவரில் யாரோ ஒட்டிய கட்டத்தையெல்லாம் ஸ்கேன் செய்யக் கூடாது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். இது பெரியவர்களுக்கும்தான்.

இனி நான் பேச வந்த விஷயம்.

நம் காவலாளியின் மகன் கையிலும் இதே புத்தகம்தான், இதே கட்டம்தான். அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவோடு வேலைக்கு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளை உளுந்தூர்ப்பேட்டைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் டியூஷனுக்கு அனுப்புகிறோம். அந்தப் பையனுக்கு அந்தக் கட்டம் வெறும் கறுப்புப் படம். 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது, போன் இருந்த வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள தூரத்தை நாமே கண்ணால் பார்த்தோம். அரசு, அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. அதைத் திறந்து காட்ட ஒரு ஆள் வேண்டும்.

நம் பொது அறையில் டிவி இருக்கிறது. கேமராவுக்காகப் போட்ட வைஃபையும் இருக்கிறது. கிரிக்கெட் நாள் தவிர அந்த டிவி சும்மாதான் கிடக்கிறது. வார நாட்களில் மாலை 6 முதல் 7 வரை அந்த அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுவோம். நம் பிள்ளைகளும் வரட்டும், இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளும் வரட்டும். சங்கத்துக்குப் பெரிய செலவில்லை. கூட உட்கார ஒரு பெரியவர் இருந்தால் போதும்.

திங்களும் வியாழனும் நான் உட்காருகிறேன். மற்ற மூன்று நாட்களுக்கு மூன்று பேர் வேண்டும். கூட்டம் முடிந்து கிளம்புவதற்குள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.