கணக்கு நோட்டும் கம்ப்யூட்டர் ஆராய்ச்சியும்

(பேசின் பிரிட்ஜில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் பயிற்சியில் எங்கள் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

விடியற்காலையில் வண்டி பிடித்து வந்திருக்கிறீர்கள். சென்ட்ரல் வந்தாச்சு என்று பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற பிறகு, இந்த பேசின் பிரிட்ஜில் ரயில் நின்றுவிடும். அது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். அதனால் தாமதமாக வந்தவர்களுக்கு இன்றைக்கு அபராதம் கிடையாது.

போன மாதம் இந்தப் பகுதிக் குழுவில் உள்ள ஓர் அக்கா எங்களிடம் வந்தார். இட்லிக் கடை வைத்திருக்கிறார். குழுவில் கடன் வாங்கித்தான் மகளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். பொண்ணு எம்.இ. முடித்துவிட்டது. கம்பெனி வேலையும் வந்திருக்கிறது, பி.எச்.டி. படிக்க இடமும் கிடைத்திருக்கிறது. "இன்னும் நாலஞ்சு வருஷம் படிச்சு என்னம்மா செய்வா? மனுஷங்க கம்ப்யூட்டரை எப்படி உபயோகிக்கிறாங்கன்னு பார்க்கப் போறாளாம். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டார். நாங்கள் சமூகப்பணி படித்தவர்கள். அன்றைக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்கிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு குழுக் கணக்குக்கு நாங்களே ஒரு புதுப் படிவம் போட்டோம். சேமிப்பு, உள்கடன், வட்டி, அபராதம் எல்லாம் ஒரே பக்கத்தில், பொடி எழுத்தில். மூன்று மாதத்தில் பல குழுக்களில் கணக்கு உதைத்தது. ஒரு குழுவுக்கு வங்கிக் கடன் தள்ளிப்போய், விதைப்புக்கு வேண்டிய பணம் அறுப்புக்கு வந்தது. நாங்கள் என்ன செய்தோம்? ஊக்குநர்களுக்கு மறுபடியும் பயிற்சி வைத்தோம். படிவத்தில் கோளாறு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வட்டிக் கட்டமும் அசல் கட்டமும் ஒட்டி ஒட்டி இருந்ததால்தான் மாற்றி எழுதினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இதைத்தான் அந்தப் பொண்ணு படிக்கப் போகிறது. ஒரு கருவியைப் பயன்படுத்துகிறவர் தடுமாறினால், கருவியில் என்ன குறை என்று முதலில் தேடுவது. மனிதர், கணினி இரண்டுக்கும் நடுவில் இருக்கிற உறவை ஆராயும் துறை என்று சொல்கிறார்கள்.

இந்தத் துறையின் பெரிய ஆராய்ச்சி ஒன்று நம் குழுக்களிலேயே நடந்திருக்கிறது தெரியுமா? தபன் பாரிக் என்பவர் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தவர். அவர் தமிழ்நாட்டுக்கு வந்து, சி.சி.டி. என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, சுய உதவிக் குழுப் பெண்கள் கணக்கு எழுதுவதைக் கவனித்தார். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள்கூட எண்களைத் தடுமாறாமல் படிக்கிறார்கள் என்று கண்டார். நமக்கு இது அதிசயமில்லை. பஸ் நம்பரும் ரூபாய் நோட்டும் பார்த்துத்தானே வாழ்கிறோம். ஆனால் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு அது செய்தி.

காகிதத்தை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. படிவம் காகிதமாகவே இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் ஒரு குறியீடு அச்சடித்திருக்கும். கேமரா உள்ள செல்போனை அதன்மேல் காட்டினால், என்ன தொகை போட வேண்டும் என்று போன் வாயால் சொல்லும். எண்ணை அழுத்தினால் போதும். அப்போது இன்றைக்கு இருப்பது போன்ற தொடுதிரை போன் எல்லாம் கிடையாது, பட்டன் போன்தான். 2006-ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார். கிராமத்து ஜனங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள், குரல் சொல்வதும் எண் அழுத்துவதும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று அதில் இருக்கிறது. 400 குழுக்களில் முயன்று பார்க்கவும் ஏற்பாடு நடந்தது. பிறகு அவர் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். நம் கணக்கு நோட்டு அவரைப் பேராசிரியர் ஆக்கியது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த நோட்டை எழுதியவர்கள் நம் அக்காக்கள் என்பதும் மனதில் இருக்கட்டும்.

இன்னொருவர் இந்திராணி மேதி. முதலில் கட்டிடக்கலை படித்தவர். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தபோது, குடிசைப் பகுதியில் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு உட்கார்ந்து, எழுத்தே இல்லாமல் படமும் குரலும் மட்டும் வைத்து வேலை தேடும் திரை ஒன்றை உருவாக்கினார். படம் போட்டும் அந்தப் பெண்கள் முதலில் தொடத் தயங்கினார்கள். இந்தப் பெட்டிக்குள் நமக்கு எப்படி வேலை வரும் என்பது அவர்களுக்குப் புரியவில்லை. அதனால், வேலை கொடுக்கிறவர் விவரம் சொல்வதும் அது இவர்களுக்கு வந்து சேர்வதும் ஒரு குட்டிப் படக் கதையாக முதலில் ஓடும்படி செய்தார்கள். எப்படி என்பதற்கு முன்னால் எதற்கு என்று சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பயிற்சிகளுக்கும் இது பொருந்தும், ஒத்துக்கொள்கிறோம்.

சரி, காசு விஷயம். அக்கா கேட்டதே அதுதான். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. தேர்வு கஷ்டம், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. பணம் மாதா மாதம் சரியாக வராமல் தாமதமாவதும் உண்டு என்று படிக்கிறவர்கள் சொல்கிறார்கள். கம்பெனி வேலைக்குப் போனால் கடன் சீக்கிரம் அடையும், அதை மறைக்க முடியாது. பி.எச்.டி. முடித்தால் கல்லூரியில் கற்பிக்கலாம், ஆராய்ச்சிக்கூடத்துக்கும் போகலாம். இதை எல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டோம். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பொண்ணு சேர வேண்டிய கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. உள்கடன் தவணையைக் கொஞ்சம் நீட்டித் தர முடியுமா என்று அவர் குழு வரும் வியாழக்கிழமை பேசுகிறது.

அந்தப் பொண்ணு இன்றைக்கு இங்கே வந்திருக்கிறாள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். மதியம் நீங்கள் கணக்கு எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். அவளுக்காக அழகாக எழுத வேண்டாம், அடித்துத் திருத்தி எழுதுவதையும் மறைக்க வேண்டாம். எங்கே மாட்டிக்கொள்கிறீர்களோ, அந்தக் கட்டத்தை அவளிடம் காட்டுங்கள்.